மாநகரும் மழைக்காடும்

மலாய் மொழியில் 'கோலா' என்னும் சொல், ஓர் ஆறு மற்றோர் ஆற்றோடேனும் கடலோடேனும் கலக்கும் இடத்தைக் குறிக்கும். தமிழில் கூடுதுறை என்றும் கழிமுகம் என்றும் இருவேறு சொற்களால் வழங்கும் பொருள்களை அம்மொழியார் அவ்வொரு சொல்லாலேயே வழங்குவர். மலேசிய நாட்டுப் படத்தை விரித்து நோக்குவார்க்குக் கோலா என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் பல தோன்றும். காடு செறிந்த அந்நாட்டில் முற்காலத்தே ஆறுகளே பெருவழிகளாக இருந்தன. ஆதலின் ஆறு கூடுமிடம் வழி கூடுமிடமாயிற்று. வழி கூடுமிடத்தில் ஊர் எழுந்தது. அங்ஙனம் எழுந்த ஊர்களுள் ஒன்று, இன்று வானளாவிய மாளிகைகள் நிறைந்த மாநகராக விளங்குகின்றது. மற்றொன்று, இன்றும் பெருங்காட்டின் வாயிலில் ஒரு சிற்றூராகவே இருக்கின்றது. முன்னது கோலாலம்பூர், பின்னது கோலா தகான்.

ஒரு கிழமை விடுமுறையில் இவ்விரண்டையும் ஒருசேரக் கண்டு மீளலாம். ஆயினும் அந்நாட்டுக்குச் செல்வோருள் பலர் மாநகரை மட்டும் கண்டு, அதிலும் கடைத்தெருக்களையே மிகுதியும் கண்டு, திரும்பிவிடுகின்றனர். காட்டைக் காணாதவர்க்கு அந்நகரும் விளங்காது. ஏனெனில், அந்நகர் அத்தகையதொரு காட்டினுள்ளேதான் பிறந்தது.

கோலாலம்பூரைத் தோற்றுவித்தது வெள்ளீயம். 1857ஆம் ஆண்டில், கிள்ளான் பகுதியை ஆண்ட இராசா அப்துல்லா என்பவர், வெள்ளீயம் அகழும் பொருட்டுச் சீனத் தொழிலாளர் 87 பேரைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேல்நோக்கி அனுப்பினார். கோம்பாக் என்னும் சிற்றாறு கிள்ளான் ஆற்றோடு கலக்கும் சேற்றுத்துறையில் அவர்கள் படகை விட்டு இறங்கினர். அங்கிருந்து காட்டை வெட்டி வழி செய்துகொண்டு அம்பாங் என்னும் இடத்தை அடைந்தனர். ஒரு திங்கள் கழிவதற்குள் அவர்களுள் 69 பேர் காட்டுக்காய்ச்சலுக்கு இரையாயினர் என்று வரலாறு கூறும். எஞ்சியவர் பதினெண்மரே. பின்னரும் ஆட்கள் அனுப்பப்பட்டனர். வெள்ளீயம் கிடைத்தது. அதனைப் படகில் ஏற்றுவதற்கும் அரிசி முதலிய பொருள்களை இறக்குவதற்கும் உரிய இடமாக அச்சேற்றுத்துறையில் கடைகள் சில தோன்றின. அக்கடைகளே இம்மாநகரின் வித்து. 'லம்பூர்' என்னும் சொல்லுக்குச் சேறு என்பதே பொருள்.

கடை என்னும் அச்சொல்லைத் தமிழர் அந்நகரின் பெயர்ப்பலகைகளில் 'கெடை' என்று எழுத்துக் கூட்டிப் படித்து மகிழலாம். கப்பல், பெட்டி, கட்டில் முதலிய தமிழ்ச் சொற்களும் கடல் கடந்து சென்று சிறிது உருத்திரிந்து மலாய் மொழியில் வாழ்கின்றன. வாணிகம் செய்யச் சென்றவரோடு சொற்களும் கப்பலேறின போலும்.

ஊர் எளிதில் நிலைபெற்றுவிடவில்லை. சுரங்க உரிமைக்காக எழுந்த உள்நாட்டுப் போரில் அஃது அழிந்தது. சீனர் தலைவராக 1868ஆம் ஆண்டு முதல் 1885ஆம் ஆண்டு வரை விளங்கிய யாப் ஆ லோய் என்பவர் அதனை மீண்டும் எழுப்பினார். 1881ஆம் ஆண்டில் ஊர் முதலில் தீயிலும் பின்னர் வெள்ளத்திலும் பாழாயிற்று. அதுகாறும் வீடுகள் மரத்தாலும் கீற்றாலும் ஆனவை. இனிக் கட்டும் வீடுகள் செங்கல்லும் ஓடும் கொண்டே அமைதல் வேண்டும் என்று ஆங்கில ஆட்சியாளர் ஆணையிட்டனர். அதற்கெனச் செங்கற் சூளைகள் அமைந்த புறநகர்ப் பகுதியே பிரிக்பீல்ட்ஸ் எனப்பட்டது. இன்று ஆங்குப் பூமாலையும் வாழையிலையும் விற்கும் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

ஆற்றுவெள்ளம் அந்நகரை அதன்பின்னும் விடவில்லை. 1926ஆம் ஆண்டிலும் 1971ஆம் ஆண்டிலும் பெருவெள்ளங்கள் புகுந்தன. மலைச்சரிவுகளில் காடு இருந்தபோது மழைநீரில் ஒரு பகுதியை இலைகளும் வேர்களும் மண்ணும் ஏற்றுச் சிறிது சிறிதாக வெளிவிடும். கட்டடமும் தாரிட்ட தெருவும் அங்ஙனம் செய்வதில்லை. எனவே, பொறியியலார் நகரின் அடியில் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுரங்கக் கால்வாயை அகழ்ந்தனர். 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அச்சுரங்கத்தின் ஒரு பகுதியில் ஊர்திகள் செல்லும் சாலை இரண்டு தட்டுகளாக அமைந்துள்ளது. பெருவெள்ளம் வரும்போது ஊர்திகளை வெளியேற்றி, வாயில்களை அடைத்து, சாலையையே கால்வாயாக்கி வெள்ளத்தை விடுகின்றனர். வானுயர்ந்த கோபுரங்களைக் கண்டு வியப்போர், நிலத்தின்கீழ் மறைந்து கிடக்கும் இவ்வேலைப்பாட்டையும் அறிதல் நன்று.

நகர் காண்போர் அச்சேற்றுத்துறையிலேயே தொடங்குதல் முறை. இரண்டு ஆறுகளும் கூடுகின்ற முனையில், தென்னை மரங்களின் நடுவே, ஜாமெக் பள்ளிவாசல் நிற்கின்றது. செந்நிறமும் வெண்ணிறமும் மாறி மாறி வரும் அதன் கோபுரங்களும் வெங்காய வடிவமான அதன் குவிமாடங்களும் வடஇந்திய மொகலாயக் கட்டடங்களை நினைப்பூட்டுகின்றன. 1909ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் எழுந்த பழைய இருப்புப்பாதை நிலையமும் அவ்வாறே வளைவுகளும் சிறு மாடங்களும் கொண்டு ஓர் அரண்மனைபோலத் தோன்றும். இவ்விரண்டையும் வகுத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். இவருடைய பெயரை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இவருடைய தம்பி ஒருவரைப் பின்னர்க் காட்டிற் சந்திக்க நேரும்.

பள்ளிவாசலுக்கு அண்மையில் மணிக்கூண்டுடன் நீண்டு கிடப்பது 1897ஆம் ஆண்டில் முடிந்த சுல்தான் அப்துல் சமது மாளிகை. அதன் எதிரிலுள்ள புல்வெளியில்தான் 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில் ஆங்கிலக் கொடி இறங்கியது. மலாயாவின் கொடி ஏறியது. ஒரு நாட்டின் வரலாறு திரும்பிய இடம் அது. இன்று சிறுவர் ஆங்குப் பந்து உருட்டி விளையாடுகின்றனர்.

இனி, புதுநகரின் கோபுரங்கள். இவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நகரின் எப்பகுதியில் நின்றாலும் இவை தாமே கண்ணிற் படும். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் 452 மீட்டர் உயரமும் 88 மாடிகளும் உடையவை. 1998ஆம் ஆண்டு முதல் 2004ஆம் ஆண்டு வரை உலகின் மிக உயர்ந்த கட்டடங்களாக இருந்த பெருமை இவற்றுக்கு உண்டு. 41, 42ஆம் மாடிகளில் ஒரு பாலம் இரண்டையும் இணைக்கின்றது. கடைகாலுக்கு நிலத்தை ஆராய்ந்தபோது, அடியிலுள்ள சுண்ணாம்புப்பாறை ஒரு பக்கம் மேலெழுந்தும் ஒரு பக்கம் ஆழ்ந்தும் கிடத்தலைக் கண்டு, கட்டட இடத்தையே ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி அமைத்தனராம். 2023ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட 'மெர்டேக்கா 118' என்னும் கோபுரம் இவற்றையும் விஞ்சி 678.9 மீட்டர் உயர்ந்து, உலகில் இரண்டாவதாக நிற்கின்றது.

இவற்றினும் எண்ணத்தக்கது வேறொன்று உண்டு. நகரின் நடுவே புக்கிட் நானாஸ், அதாவது அன்னாசிக் குன்று, என்னும் சிறு குன்று ஒன்று இருக்கின்றது. 1906ஆம் ஆண்டிலேயே அது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. சுற்றிலும் காடு வெட்டப்பட்டு நகர் பெருகியபோதும் அக்குன்றின்மேல் மட்டும் பழைய காட்டின் ஒரு துண்டு தப்பியது. பின்னர் அதன் உச்சியில் 421 மீட்டர் உயரமுள்ள தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்றை எழுப்பினர். அப்போது நூறாண்டு கண்ட ஜெலுத்தோங் மரம் ஒன்று இடையே நின்றது. பொறியியலார் அதனை வெட்டாமல், பெரும்பொருள் செலவிட்டுச் சுற்றிலும் தாங்குசுவர் எழுப்பிக் காத்தனர். ஒரு மரத்துக்கு இத்துணைச் செலவா என்று கேட்டாரும் இருந்திருப்பர். வெட்டப்பட்ட மரங்கள் கணக்கிறந்தன என்பதனை அறிந்தார்க்கு அச்செலவு பெரிதாகத் தோன்றாது.

தமிழர் காணாது மீளாத இடம் பத்துமலை. நகருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் வெண்மையான சுண்ணாம்புக் குன்று செங்குத்தாக எழுந்து நிற்கின்றது. 'பத்து' என்பது மலாய் மொழியிற் கல்லைக் குறிக்கும். தமிழிலுள்ள எண்ணுப் பெயரோடு அதற்கு உறவில்லை. அக்குன்றின் குகைகளை 1878ஆம் ஆண்டில் ஆர்னடே என்னும் அமெரிக்க இயற்கை நூலறிஞர் கண்டு உலகறியச் செய்தார். குன்று கண்டவிடத்துக் குமரனை எண்ணும் இயல்பினர் தமிழர் அல்லரோ? தம்புசாமிப் பிள்ளை என்னும் செல்வர் அக்குகையை முருகன் உறைவிடமாக்கினார். தைப்பூச நாளில் காவடி ஏந்தியும் பாற்குடம் சுமந்தும் 272 படிகளில் ஏறுவோர் வெள்ளம் கண்கொள்ளாக் காட்சியாகும். 2006ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட முருகன் திருவுருவம் 42.7 மீட்டர் உயரமுடையது.

அப்படிகளில் குரங்குகள் திரிகின்றன. கையிலுள்ள வாழைப்பழத்தைப் பறிக்கின்றன. அவற்றின் குறும்பைக் கண்டு நகைப்போர் பலர். குன்றைச் சூழ்ந்திருந்த காடு போய்விட்டமையால் அவை படிக்கட்டில் வாழக் கற்றுக்கொண்டன என்பதனை எண்ணுவோர் சிலரே. அக்குன்றிலுள்ள இருட்குகையில் வாழும் கதவுச் சிலந்தி மிகப் பழைய சிலந்தி இனத்தைச் சேர்ந்தது. உலகில் அரிதாகவே காணப்படுவது. காட்டின் பழமை நகரின் ஓரத்தில் இவ்வாறு ஒதுங்கிக் கிடக்கின்றது. அதன் முழு உருவைக் காண விழைவோர் வடகிழக்கே பகாங் நாட்டுக்குச் செல்லுதல் வேண்டும்.

கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் ஜெராந்துட் என்னும் ஊர் இருக்கின்றது. பேருந்து மலைத்தொடரைக் கடந்து செல்லும். வழியெங்கும் முதலில் ரப்பர்த் தோட்டங்களும் பின்னர் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களும் தோன்றுகின்றன. வரிசை பிறழாமல் நிற்கும் அப்பனைகளைக் காடு என்று கருதி மகிழ்வோரும் உளர். ஒரே மரம், ஒரே வயது, ஒரே உயரம். அது தோட்டமேயன்றிக் காடு அன்று.

ஜெராந்துட் வழியே செல்லும் இருப்புப்பாதை 1931ஆம் ஆண்டில் நிறைவுற்றது. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியர் அப்பாதையின் பெரும்பகுதித் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம் நாட்டில் தாம் அமைத்த பாதைக்குக் கொண்டுசென்றனர். அப்பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காலராவாலும் பசியாலும் மாண்டனர். தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த கைகள் காட்டில் மண் வெட்டி ஓய்ந்தன. ஜெராந்துட் நிலையத்தில் வண்டி மாறுவோர் இதனை ஒரு கணம் நினைத்தல் தகும்.

அவ்வூருக்கு அண்மையில் கோலா தெம்பெலிங் என்னும் துறை உண்டு. ஆங்குத் தெம்பெலிங் ஆறும் ஜெலாய் ஆறும் கூடிப் பகாங் பேராறாகின்றன. தீபகற்ப மலேசியாவின் மிக நீண்ட ஆறு அதுவே. காட்டுக்குச் சாலையும் உண்டு எனினும், ஆற்றுவழியே படகிற் செல்லுதலே சிறந்தது. நீண்டு ஒடுங்கிய மரப்படகில் ஒருவர்பின் ஒருவராகத் தாழ அமர்ந்து, ஆற்றை எதிர்த்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் செல்லுதல் வேண்டும். மூன்று மணி நேரம் ஆகும். முதலில் எருமைகள் நீராடும் சிற்றூர்த்துறைகள் தோன்றும். பின்னர் ஊர் குறையும், மரம் மிகும். நேரம் என்னும் பெயருடைய மரங்கள் இருகரையிலும் ஆற்றின்மேல் சாய்ந்து நீரைத் தொடுவனபோல நிற்கும். இருவாய்ச்சிப் பறவை ஒன்று தலைக்குமேல் பறந்து செல்லுமாயின் அதன் சிறகோசை காற்றாடிபோல் ஒலிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறு கரைபுரளும். அப்போது இப்பயணம் கூடாது.

மூன்றாவது கூடுதுறை கோலா தகான். ஆங்குத் தகான் ஆறு தெம்பெலிங் ஆற்றோடு கலக்கின்றது. ஒரு கரையில் ஊர், அக்கரையில் காடு. ஊர்க்கரையில் மிதவைகளின்மேல் உணவுக்கடைகள் மிதக்கின்றன. சிறு படகொன்று அக்கரைக்கு ஆட்களை ஏற்றிச் செல்கின்றது. கரையேறிப் பத்து அடி நடந்ததும் ஒளி மங்கும், காற்று ஈரமாகும், ஒலி மாறும். அதுவே 'தாமான் நெகாரா' என்னும் தேசியப் பூங்கா. பகாங், கிளந்தான், திரங்கானு என்னும் மூன்று மாநிலங்களில் 4,343 சதுரக் கிலோமீட்டர் பரந்துள்ள மழைக்காடு அது. பனியூழிகளில் உலகின் பல பகுதிகள் உறைந்து கிடந்தபோதும் அந்நிலத்தைப் பனிப்பாளம் மூடவில்லை. ஆதலின் அக்காட்டின் தொடர்ச்சியைப் பதின்மூன்று கோடி ஆண்டு என்று கணக்கிட்டுக் கூறுவது வழக்கமாக உள்ளது.

முதன்முறை செல்வோர் சிறிது ஏமாற்றம் அடைவதுண்டு. காடு என்றதும் புலியும் யானையும் வழியில் நின்று வரவேற்கும் என்று அவர்கள் எண்ணியிருப்பர். விலங்குக்காட்சிச் சாலையில் கூண்டுதோறும் விலங்கைக் கண்டு பழகிய கண்ணுக்கு மழைக்காடு வெறுமையாகவே தோன்றும். உண்மை வேறு. அக்காட்டில் உயிர்கள் பெரும்பாலும் மேலே வாழ்கின்றன. கதிரொளியில் நூற்றில் இரண்டு பங்கே தரையை அடைகின்றது. எஞ்சியதனை மரமுடிகள் வாங்கிக்கொள்கின்றன. ஒளி உள்ளவிடத்தில் இலையும் பூவும் கனியும் உண்டு. அவை உள்ளவிடத்தில் பறவையும் குரங்கும் வண்டும் உண்டு. ஆகவே, காட்டைக் காண விரும்புவோர் மேலே ஏறுதல் வேண்டும். அதன்பொருட்டு மரத்துக்கு மரம் கயிறும் பலகையும் கொண்டு, 40 மீட்டர் அளவு உயரத்தில், ஒருவர் மட்டும் நடக்கத்தக்க தொங்குபாலங்களை அமைத்துள்ளனர். அதன்மேல் நிற்போர்க்குக் கீழே தரை தோன்றாது. வாலில்லாக் குரங்குகள் காலையில் எழுப்பும் நெடுங்குரல் மட்டும் அருகில் ஒலிக்கும்.

கீழே நடப்போர்க்கு வேறு காட்சிகள் உண்டு. பெருமரங்களின் அடியில் வேர்கள் பலகைபோல் புடைத்து மதில்களாக நிற்கின்றன. ஆணிவேர் ஆழச் செல்லாத மரத்தை அவை தாங்குகின்றன. அம்மண் வளமுடையது என்று கருதுவது பிழை. வளமெல்லாம் மரத்திலேயே இருக்கின்றது. விழுந்த இலை விரைவில் மக்கி மீண்டும் வேருக்குள் சென்றுவிடுகின்றது. மரத்தை வெட்டினால் எஞ்சும் மெல்லிய மண்ணைச் சில மழைகள் கழுவிச் சென்றுவிடும். அக்காட்டை அழித்தபின் மீண்டும் வளர்த்துக்கொள்ளலாம் என்பார் கூற்று இதனாற் பொய்யாகும். துவாலாங் என்னும் மரம் அந்நாட்டில் மிக உயர்ந்து வளரும் மரங்களுள் ஒன்று. வழவழப்பான அதன் கிளைகளில் மலைத்தேனீக்கள் கூடுகள் பல கட்டும். தேன் எடுப்போர் நிலவில்லாத இரவுகளில் அதன்மேல் ஏறுவர். முள்நிறைந்த பிரம்புக் கொடிகள் உடையைப் பற்றும். அட்டைகள் காலைப் பற்றும். அட்டைக்கு அஞ்சுவோர் காட்டுக்குச் செல்லுதல் வேண்டா.

இக்காடு இவ்வாறு நிற்பதற்குக் காரணராக இருந்தவருள் முதல்வர், முன்னர்க் கூறிய கட்டடக் கலைஞரின் தம்பியாகிய தியடோர் ஹப்பாக். இவர் மலாயாவில் தோட்ட முதலாளியாக இருந்தார், பெருவேட்டைக்காரர். யானையையும் 'செலாடாங்' என்னும் காட்டெருதையும் வேட்டையாடிய முறைகளைப் பற்றி 1905ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். அத்தகையவர் நாளடைவில் துப்பாக்கியைத் தாழ்த்தி, விலங்குகளின் வழக்குரைஞரானார். காட்டில் நாளும் திரிந்தவர் ஆதலின், விலங்குகள் குறைந்து வருதலை நகரில் இருந்தோர் அறிவதற்கு முன்னரே அறிந்தார். அவருடைய முயற்சியால் 1925ஆம் ஆண்டில் தகான் மலையைச் சூழ்ந்த பகுதி காப்பிடமாயிற்று. அதனோடு அவர் அமையவில்லை. தோட்டக்காரர் விலங்குகளைப் பயிருக்குப் பகை என்றனர். சுரங்கக்காரர் நிலத்தைப் பாழாக்குவதா என்றனர். 1932ஆம் ஆண்டில் மலாயாவின் காட்டுவிலங்குகள் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை அவர் அரசுக்கு அளித்தார். மூன்று நாட்டுச் சுல்தான்களும் உடன்பட்டனர். 1938, 1939ஆம் ஆண்டுகளில் சட்டங்கள் இயற்றப்பட்டன. பூங்காவுக்கு அப்போது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை இட்டனர். நாடு விடுதலை பெற்றபின் தாமான் நெகாரா என்னும் பெயர் வந்தது. அதன் பொருள் நாட்டுப் பூங்கா என்பதே. ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றிய 1942ஆம் ஆண்டில் தியடோர் இறந்தார்.

அண்ணன் நகரிற் கட்டியவற்றை அனைவரும் காண்கின்றனர்; படம் எடுக்கின்றனர். தம்பி கட்டியது ஒன்றுமில்லை. வெட்டாமல் விடச்செய்ததே அவர் செயல். செய்யாமல் விட்ட செயலுக்குப் பெயர்ப்பலகை வைப்பார் இலர்.

விலங்குகளைக் காண விரும்புவோர்க்கென அக்காட்டில் 'பும்புன்' எனப்படும் மறைகுடில்கள் உள்ளன. கால்கள்மேல் உயர்த்திக் கட்டிய மரக்குடில் அது. உள்ளே படுக்கைப் பலகைகள் உண்டு, விளக்கு இல்லை. குடிநீரும் உணவும் சுமந்து செல்லுதல் வேண்டும். எதிரே சிறு வெளி ஒன்றில் உவர்மண் இருக்கும். தழையுண்ணும் விலங்குகளுக்கு உணவில் உப்பு போதாது. ஆதலின் அவை இரவில் அம்மண்ணை நக்கவும் அந்நீரைப் பருகவும் வருகின்றன. கும்பாங் என்னும் இடத்து மறைகுடில் கோலா தகானிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நடைத்தொலைவில் உள்ளது. ஆங்கு இரவு தங்குவோர் முறைவைத்து விழித்திருப்பர். பேச்சு இல்லை, புகையும் ஆகாது. சில இரவுகளில் எலியன்றி வேறொன்றும் வாராது. வருவதாயின், கடம்பை மானோ, காட்டுப்பன்றியோ, தாப்பிர் என்னும் விலங்கோ வரும்.

தாப்பிர் தமிழ்நாட்டுக் காடுகளில் இல்லாத விலங்கு. பன்றியைப்போன்ற உடலும், சிறு துதிக்கைபோல் நீண்டு வளையும் மூக்கும் உடையது. பன்றிக்கும் யானைக்கும் அஃது உறவன்று. குதிரைக்கும் காண்டாமிருகத்துக்குமே உறவு. தலையும் முன்காலும் பின்காலும் கருமை. இடையுடல் மட்டும் வெண்மை. பகலில் இந்நிறம் கண்ணைக் கவரும். நிலவொளியில் அவ்வெண்மை ஒரு பாறைபோல் தோன்ற, கரிய பகுதிகள் இருளோடு கலந்துவிடும். விலங்கின் உருவமே மறையும். குட்டியின் உடலிலோ கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். முன்காலில் நான்கு விரல். பின்காலில் மூன்று விரல். காலையில் சேற்றில் பதிந்துள்ள அவ்வடிகளைக் கண்டு, இரவில் தாம் உறங்கியபோது யார் வந்து சென்றார் என்பதனை வழிகாட்டி கூறுவார்.

எல்லா அடிகளும் இன்று கிடைப்பதில்லை. தியடோர் ஹப்பாக் ஆராய்ந்து எழுதிய இரட்டைக்கொம்புக் காண்டாமிருகம் இப்போது மலேசியாவில் இல்லை. அந்நாட்டில் எஞ்சியிருந்த கடைசிப் பிடி 2019ஆம் ஆண்டு நவம்பரில் போர்னியோத் தீவில் இறந்தது. மலாயாப் புலி காட்டில் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது என்று 2022ஆம் ஆண்டில் கணக்கு வெளியாயிற்று. வேட்டைக்காரர் வைக்கும் கம்பிக்கண்ணிகளே அதற்குப் பெரும்பகை. ஓய்வு பெற்ற படைவீரரும் பழங்குடி மக்களும் காவலராகிக் காட்டில் நாள்கணக்கில் நடந்து அக்கண்ணிகளை அகற்றி வருகின்றனர்.

அப்பழங்குடியினருள் பத்தேக்கு மக்கள் இக்காட்டுக்கே உரியவர். தழைக்குடில் அமைத்துச் சில காலம் தங்கி, பின்னர் வேறிடம் பெயர்வர். மூங்கிற்குழலில் நஞ்சூட்டிய சிற்றம்பை வைத்து வாயால் ஊதிக் குரங்கு முதலியவற்றை வேட்டையாடுவர். நஞ்சு ஈப்போ என்னும் மரத்தின் பால். ஈப்போ நகரின் பெயரும் அம்மரத்தால் வந்ததே. பயணிகள் அவர்கள் குடிலுக்குச் சென்று குழலூதிப் பார்க்கின்றனர். விருந்தினராகச் செல்லுதல் நன்று. வேடிக்கை பார்க்கச் செல்லுதல் நன்றன்று. மரத்தையும் மருந்தையும் அவர்களைப்போல் அறிந்தவர் அந்நாட்டில் வேறு இலர்.

சட்டம் இயற்றியபின்னும் காட்டுக்கு அச்சம் நீங்கவில்லை. 1970ஆம் ஆண்டுகளில் தெம்பெலிங் ஆற்றில் மின்னாக்க அணை கட்டும் திட்டம் எழுந்தது. அது நிறைவேறியிருப்பின் காட்டின் தாழ்நிலப் பகுதிகள் பல நீரில் மூழ்கியிருக்கும். இயற்கைக் கழகத்தாரும் பொதுமக்களும் எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. படகில் வரும்போது சாய்ந்து நின்ற நேரம் மரங்கள் இன்றும் கரையில் நிற்பது அதனால்தான்.

மூன்று நாள் கழித்து நகருக்கு மீள்வோர், சேறு படிந்த காலைக் கழுவ விடுதியில் நீர்க்குழாயைத் திறப்பர். கோலாலம்பூரும் அதனைச் சூழ்ந்த சிலாங்கூர் மாநிலமும் பெருகப் பெருக, அவற்றின் ஆறுகள் குடிநீருக்குப் போதாவாயின. எனவே நடு மலைத்தொடரைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் ஒன்றை 2014ஆம் ஆண்டில் முடித்தனர். அதன் வழியே நகர்ப்புறத்துக்கு வருவது செமாந்தான் ஆற்றின் நீர். அவ்வாறு பகாங் நாட்டுக் காட்டுமலைகளிற் பிறந்து, கோலா தெம்பெலிங்கில் தோன்றும் பகாங் பேராற்றோடு கலப்பது.